‘ஓ’வுக்குச் சுழி போட்டவர்: உத்திரமேரூர் குடத்திலிருந்து ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னப் பையன்கிட்டேருந்து ஆரம்பிக்கலாம். அவன் பேர் தெரியாது. வயசு தெரியாது. ஊர் தெரியும், காலம் தெரியும். ஊர் உத்திரமேரூர். காலம் கி.பி. 921.

உத்திரமேரூர்னு சொன்னதுமே உங்களுக்குக் குடவோலை ஞாபகம் வந்திருக்கும். ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அஞ்சு மார்க் கேள்வி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டிய ரெண்டு கல்வெட்டுகள் இருக்கு. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரிச்சு, ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு எடுக்கிற முறை. அரசியல் மேடைகளில் இதை நிறையப் பேசிட்டாங்க. நாம வேற பக்கம் பார்ப்போம்: அந்த ஓலையைக் குடத்திலிருந்து எடுத்தது யாரு?

ஒரு சிறுவன். அதுவும் எப்படிப்பட்ட சிறுவன்னு கல்வெட்டே சொல்லுது. எதையும் இனம் பிரிச்சு அறியத் தெரியாத பாலன். நம்ம பாஷையில சொன்னா, எழுத்தைப் பார்த்தா அது யார் பேருன்னு கண்டுபிடிக்கத் தெரியாதவன். சபை முழுக்கக் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். பையன் ஒரு ஓலைக்கட்டை எடுப்பான். அதை வெறுங்குடத்துல போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன்கிட்டே கொடுப்பான். அவர் அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில் வாங்கணும். விரலை மடக்கினா ஏதாவது தில்லுமுல்லு பண்ணலாம் இல்லையா? வாங்கி உரக்க வாசிப்பார். அதுக்கப்புறம் அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிப்பாங்க.

இந்தக் காட்சியை எனக்கு மறக்கவே முடியலை. வாசிக்கத் தெரியாததுதான் அந்தப் பையனுக்குத் தகுதி. வாசிக்கத் தெரிஞ்சதுதான் சுத்தி நின்ன பெரியவங்களுக்குத் தகுதி. வாரியத்துக்கு வரணும்னா கால் வேலி நிலம் இருக்கணும், சொந்த வீடு இருக்கணும், வயசு 35க்கு மேலே 70க்குக் கீழே, மந்திர பிராமணம் தெரிஞ்சிருக்கணும். அரைக்கால் வேலிதான் இருக்குன்னா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தா பரவாயில்லை. குறையுற நிலத்தைப் படிப்பு ஈடு கட்டுது. அது ஒரு பிரம்மதேயம், சதுர்வேதிமங்கலம். அங்கே படிப்புன்னா அந்தப் படிப்புதான். அந்த ஊர் வயலில் இறங்கி நாற்று நட்டவங்க வீட்டுப் பிள்ளை என்ன படிச்சதுங்கிறதுக்குச் சுவரில் இடமே இல்லை.

அந்தச் சுவரைப் பார்த்துட்டு வெளியே வந்து, பக்கத்துக் கிராமங்கள் வழியா வண்டியில போனேன். ஒரு ஊர்ல மாதா கெபி, அதை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட ஒரு தொடக்கப்பள்ளி. ‘ஆர்.சி. பள்ளிக்கூடம்’னு ஊர்க்காரங்க சொல்ற வகை. உள்ளேயிருந்து சத்தம் வருது. முப்பது குரல் ஒரே மாதிரி, இழுத்து இழுத்து: அம்மா, ஆடு, இலை, ஈ. நீங்களும் நானும் கத்தின அதே ராகம்.

சென்னையில வளர்ந்த என் நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. கத்தோலிக்கப் பள்ளியில சின்னப் பசங்களுக்கு என்னதான் சொல்லித் தர்றாங்க? பைபிளா? இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். அரசு உதவி பெறும் பள்ளின்னா, பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில என்ன பாடப்புத்தகமோ அதே புத்தகம்தான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். வாத்தியார் சம்பளம் அரசு கொடுக்குது, நிர்வாகம் மறைமாவட்டமோ துறவற சபையோ பார்க்குது. அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு, அரசுப் பணம் வாங்குற பள்ளியில எந்தக் குழந்தையையும் பெற்றோர் சம்மதம் இல்லாம சமயப் பாடத்துல உட்கார வைக்கக் கூடாதுங்குது. அதனால அந்த ஒரு பீரியடுல கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மத்தவங்களுக்கு நன்னெறி. முடிஞ்சது.

ஆனா இந்த ஒரு வரிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 480 வருஷக் கதை இருக்கு. அம்மா, ஆடு கத்துற அந்த முறையிலேயே, ஏன், அந்த எழுத்தோட வடிவத்திலேயே இருக்கு.

மணி அடிச்சுக் கூப்பிட்டவர்

1542ஆம் வருஷம் அக்டோபர் வாக்கில் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வர்றார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் அந்தப் பக்கம். பரதவர் மக்கள் அதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. ஆனா அவங்களுக்கு ஜெபம் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. என்ன பண்ணினார்னு 1544 ஜனவரியில கொச்சியிலேருந்து எழுதின கடிதத்துல அவரே சொல்றார். ரெண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களை உட்கார வெச்சு ஜெபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் பண்ணி, கையில ஒரு மணியை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா அடிச்சுக்கிட்டே போயிருக்கார். பிள்ளைகள் கூடினதும் ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு ஒரு மாசம் சொல்லிக்கொடுத்திருக்கார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் வேலைக்காரங்களுக்கும் நீங்க சொல்லிக் கொடுங்கன்னு பசங்ககிட்ட பொறுப்பை ஒப்படைச்சிருக்கார். ஊரை விட்டுக் கிளம்புறப்போ ஒரு பிரதியை வெச்சுட்டு, எழுதத் தெரிஞ்சவங்க இதைப் பார்த்து எழுதி வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போறார்.

இதுல ஒரு விஷயம் பாருங்க. எழுதத் தெரிஞ்சவங்க அந்தக் கடலோரத்துல ஏற்கெனவே இருந்தாங்க. படிப்பு கப்பல்ல வந்து இறங்கினதுன்னு நினைக்கிறது தப்பு. வந்து இறங்கினது வேற: ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளையும் ஒரே பாடத்தைச் சொல்லணும்ங்கிற பிடிவாதம்.

அடுத்து வர்றவர் என்றிக்கே என்றீக்கஸ். போர்த்துகீசிய யேசு சபைக்காரர், தமிழை நல்லாவே கத்துக்கிட்டவர். 1578 அக்டோபர் 20, கொல்லம்: ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். இது எல்லா க்விஸ்லேயும் வரும். எனக்கு அதைவிட அடுத்த வருஷம் கொச்சியில வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ முக்கியமாத் தெரியுது. அது போர்த்துகீசிய மொழியில மார்க்கோஸ் ஜோர்ஜே எழுதின ஒரு ஞானோபதேச நூலோட தமிழாக்கம். மூல நூலின் தலைப்பே, சிறுவர்களுக்குக் கற்பிக்க உரையாடல் வடிவில் அமைத்ததுன்னு சொல்லுது. குரு கேட்பார், சீஷன் பதில் சொல்வான். அதாவது 1579லேயே, சின்னப் பசங்களுக்குப் பாடம் நடத்துறதுக்காக உருவான ஒரு புத்தகம் தமிழ்ல அச்சாகியிருக்கு.

இந்தக் கேள்வி பதில் வடிவம் கத்தோலிக்க ஊர்களில் அப்படியே தங்கிடுச்சு. ‘சின்னக் குறிப்பிடம்’னு ஒரு சிறு நூல். இன்னைக்கு எழுபது எண்பது வயசுல இருக்கிற கத்தோலிக்கப் பாட்டிகள்கிட்ட கேட்டுப் பாருங்க, கேள்வியை நீங்க ஆரம்பிச்சாலே போதும், பதில் தன்னால வரும். அர்த்தம் புரிஞ்சு படிச்சாங்களா? பாதிப் பேர் இல்லைன்னுதான் சொல்வாங்க. நம்ம பத்தாவது நோட்ஸ் மட்டும் என்ன வாழுது? கேள்வியும் பதிலும் அச்சடிச்சு வரும், அப்படியே ஒப்பிப்போம்.

எ, ஏ, ஒரு பழைய குழப்பம்

சரி, எழுத்துக்கு வருவோம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எ எழுதும். அடியில ஒரு கோடு இழுத்தா ஏ. ஒ எழுதி, கீழே ஒரு சுழி போட்டா ஓ. கெ, கே, கொ, கோ. ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு. இதெல்லாம் ஆதியிலேருந்தே இப்படித்தான்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்.

இல்லை. பழைய முறையில எ, ஒ ரெண்டும் குறில்னா மேலே புள்ளி வைக்கணும். புள்ளி இல்லைன்னா நெடில். இலக்கணம் அப்படித்தான் சொல்லுது. ஆனா பனை ஓலையில எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை கிழியும். அதனால ஏடு எழுதுறவங்க புள்ளியை விட்டுட்டே போனாங்க. படிக்கிறவர் இடத்தைப் பார்த்து எரியா ஏரியா, கொடியா கோடியான்னு ஊகிச்சுக்கணும். பண்டிதருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். புதுசா எழுத்துக் கூட்டுற ஆளுக்கு?

18ஆம் நூற்றாண்டுல இங்கே வந்த இத்தாலியர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம்ம வீரமாமுனிவர், புதுசா எழுத்துக் கூட்டின ஆள். ஏலாக்குறிச்சியில இருந்துகிட்டு ‘தொன்னூல் விளக்கம்’, ‘சதுரகராதி’ எல்லாம் எழுதினவர். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பெருமை வழக்கமா அவருக்குத்தான் சேருது. ஏயின் அந்தக் கால், ஓவின் அந்தச் சுழி, கேயின் அந்த மேல்வளைவு. அச்சு பரவினதும் அதுவே நிலைச்சுடுச்சு. அகராதியை நான்கு வகையாப் பிரிச்சுச் சொற்களைத் தேடுறதுக்கு வழி பண்ணினதும் அவர்தான். தமிழைத் தாய்மொழியாக் கத்துக்காத ஒருத்தருடைய தடுமாற்றம், அதுக்கப்புறம் தமிழ் படிக்கிற எல்லாக் குழந்தைக்கும் உதவியா முடிஞ்சது. உத்திரமேரூர்ப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும், அரசுப் பள்ளியோ, மடத்துப் பள்ளியோ, பாதிரியார் பள்ளியோ, அந்தச் சுழியைத் தினமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

திண்ணையில் என்ன நடந்தது?

நியாயமா ஒண்ணு சொல்லணும். பாதிரிமார் வர்றதுக்கு முன்னாடியும், வந்த பிறகும் ரொம்ப நாள் வரைக்கும், கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடத்துல. மணலைப் பரப்பி விரலால எழுதணும். கை பழகினதும் ஓலை, எழுத்தாணி. அரிச்சுவடி, அப்புறம் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. கூடவே எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று. பெரிய பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னவங்களைக் கவனிச்சுப்பான். அமாவாசை, பௌர்ணமி லீவு. தப்புப் பண்ணினா கோதண்டம், அதாவது கயித்துல கட்டித் தொங்க விடுறது. திண்ணைப் படிப்பைப் பொற்காலம்னு சொல்றவங்க இந்தக் கோதண்டத்தைப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க.

அங்கே சொல்லிக் கொடுத்த கணக்கு மட்டும் எனக்குப் பிரமிப்பு. முந்திரின்னா 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒண்ணு, மா 20இல் ஒண்ணு, அப்புறம் அரைக்கால், கால். எல்லாமே வாய்ப்பாடு, எல்லாமே மனக்கணக்கு. நெல்லளவைன்னா ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை எல்லாம் எடுத்து வெச்சு விரிவா எழுதியிருக்கார். இது வெறும் பாடம் இல்லை, ஊரோட வேலை. நிலம் அளக்கணும், களத்துல நெல் பங்கு போடணும், கூலி அளக்கணும். உத்திரமேரூர்க் கல்வெட்டுல வர்ற கால் வேலி இருக்கே, அது எத்தனை மான்னு திண்ணைப் பையன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வான்: அஞ்சு மா. அரைக்கால் வேலி? ரெண்டரை.

சென்னைக்காரங்களுக்கு ஒரு பக்கக் கதை. எழும்பூர்ல ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒண்ணு இருந்தது. 1789ல் அதைப் பொறுப்பெடுத்துக்கிட்டவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. கத்தோலிக்கர் இல்லை. ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பசங்க மணல்ல எழுதுறதைப் பார்த்தார். இதையே இங்கேயும் பண்ணுவோம்னார். அவர் கிட்ட இருந்த வாத்தியார்கள் முகம் சுளிச்சாங்க. சரி, நீங்க வேண்டாம்னு ஜான் ஃபிரிஸ்கன்ங்கிற எட்டு வயசுப் பையனையே சின்னவங்களுக்கு வாத்தியாரா ஆக்கிட்டார். 1797ல் லண்டன்ல இதைப் புத்தகமாப் போட்டார். ‘மதராஸ் முறை’ங்கிற பேர்ல இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல இன்னைக்கும் ‘மதராஸ் காலேஜ்’னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. நம்ம சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போய், மானிட்டர்ங்கிற பேர்ல திரும்பி நம்ம கிளாஸுக்கே வந்தான்.

இப்போ கஷ்டமான பகுதிக்கு வருவோம். 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்க எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள்னு கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டு ஜில்லாவும் அதுல உண்டு, உத்திரமேரூர் அதுக்குள்ளே. 1826 மார்ச்சுல அவர் எழுதின குறிப்பின்படி மாகாணத்துல 12,498 பள்ளிகள். மக்கள் தொகை 1,28,50,941. படிக்கிற பிள்ளைகள் 1,88,650. கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இருந்த நிலைமையைவிட இது மேல்னு மன்றோவே சொல்றார்.

அந்த 1,88,650ல பெண் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? 4,540. நூறு பேர்ல ரெண்டரைப் பேர் கூட இல்லை. சேரிப் பிள்ளைகளுக்கோ அந்தப் படிவத்துல தனிக் கட்டமே கிடையாது. பிராமணர், வைசியர், சூத்திரர், ‘மற்ற சாதிகள்’, முஸ்லிம்கள். அவ்வளவுதான். திண்ணை எல்லாருக்கும் பொதுவா இருந்ததுன்னு சொல்றவங்க இந்த அட்டவணையை எடுத்துத்தான் காட்டுவாங்க. திண்ணை யாருக்கு இல்லைங்கிறதும் அதே அட்டவணையில இருக்கு.

பெண்கள், சேரி, பெஞ்சு

1842 ஜனவரியில அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர்கள் சென்னையில வந்து இறங்கி, இன்றைய ஜார்ஜ் டவுன்ல பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பிக்கிறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1844ல் புதுச்சேரியில மேற்றிராணியார், குருக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மாமன்றம் கூட்டுறாங்க. பெண்களுக்குப் படிப்பு வேணும்னு பேசுறாங்க. அதே வருஷம் அக்டோபர்ல லூயி சவினியன் துய்புய்ங்கிற பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளூர்ப் பெண்களையே சேர்த்து ஒரு கன்னியர் சபை தொடங்குறார். மரியாவின் மாசற்ற இருதய சபை. நோக்கமே பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்றது. வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு, தையல், ஜெபம். தையலைப் பார்த்து இன்னைக்கு நாம முகம் சுளிக்கலாம். ஆனா ஒரு தமிழ்ப் பெண் கல்யாணம் பண்ணிக்காம, ஊர் ஊராப் போய், டீச்சரா நிக்கிறதைப் பார்த்த முதல் தலைமுறைப் பெண் குழந்தைகள் அவங்க. தையலோட சேர்த்து அதையும் அவங்க பார்த்திருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

செங்கல்பட்டு ஜில்லாவுக்குன்னு ஒரு தனிக் கதை இருக்கு. நிலம் மிராசுதார் கையில. உழைக்கிற பறையர் குடும்பங்களுக்கு நிலம் இல்லைங்கிறது மட்டும் இல்லை, குடிசை போட்டிருக்கிற மனையும் அவங்களுடையது இல்லை. 1891ல் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களைப் பத்தி அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். நிலம் கொடுங்க, மனைக்கு உரிமை கொடுங்க, படிப்புக் கொடுங்கன்னு கேட்டது அது. அடுத்த வருஷம் அரசு ஆணை வந்தது. இன்னைக்குப் பஞ்சமி நிலம்னு நாம பேசுறமே, அதோட தொடக்கம் இதுதான்.

மனைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பிள்ளை மாடு மேய்க்கப் போகாம பள்ளிக்குப் போனா ஆண்டைக்குக் கோபம் வரும். கோபம் வந்தா குடிசை போகும். அப்படி ஒரு ஊர்ல மிஷன் பள்ளிக்கூடம்கிறது ஒரு கொட்டகையும் ஒரு கரும்பலகையும் மட்டும் இல்லை. ஆண்டை கையில இல்லாத ஒரு துண்டு நிலம். புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க மிஷன்கள் மட்டும் இல்லை, பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் கூட 1894ல் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசர் அதுக்குப் பின்னால இருந்தார்.

அதனால கத்தோலிக்கத் திருச்சபை சாதியை ஒழிச்சிடுச்சா? இல்லவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல 1872ல் கோயிலையே ரெண்டு காலா, பேன்ட் மாதிரி கட்டினாங்க. இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம், நடுவுல தடுப்பு. 1910 வாக்கில்தான் அந்தத் தடுப்பு உடைஞ்சது, அதுவும் சண்டை சச்சரவோட. கல்லறையில இன்னைக்கும் தனித்தனி வரிசை இருக்கிற ஊர்கள் உண்டு. கோயிலுக்குள்ளே பிரிச்சு உட்கார வெச்ச அதே சமூகம்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு போட வேண்டியிருந்தது. ஏன்னா அரசு மானியம் வாங்கணும். 1854ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்த பிறகு தனியார் பள்ளிக்கு மானியம் உண்டு, ஆனா இன்ஸ்பெக்டர் வருவார், ரிஜிஸ்டர் பார்ப்பார். பெஞ்சைப் போட வெச்சதுல சுவிசேஷத்தோட பங்கு எவ்வளவு, இன்ஸ்பெக்டரோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். என் கணக்குல இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பேன்.

பாதி நாள் போதுமா?

1953. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு மட்டும் ஒரு புதுத் திட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டுல, அப்பா அம்மா செய்யுற தொழிலைப் பார்த்துக் கத்துக்கணும். இடம் பத்தலை, வாத்தியார் பத்தலை, ஷிஃப்ட் முறையில ரெண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம்ங்கிறது வாதம். பெரியாரும் மத்தவங்களும் ‘குலக்கல்வி’ன்னு ஒரே வார்த்தையில அதை உடைச்சாங்க. 1954ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் போச்சு. உத்திரமேரூர் மாதிரி ஒரு தாலுகாவுல, ஏர் ஓட்டுற கூலிக்காரர் பையனுக்கு அந்த மீதி நேரப் பாடம் என்னவா இருந்திருக்கும்? அவங்க தாத்தா படிச்ச அதே பாடம்.

1956ல் மதிய உணவு. 1957 ஏப்ரல்ல நயா பைசா, அதோட தசம முறை. காணியும் முந்திரியும் வகுப்பறையை விட்டு வெளியே போயிடுச்சு. ‘மாகாணி’ன்னா இன்னைக்கு ஒரு வசவு மாதிரித்தான் ஞாபகம் இருக்கு. 16இல் ஒண்ணுன்னு சொன்னா பசங்க சிரிக்கிறாங்க. 1978ல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தம். றா, னா, லை, னை எல்லாம் இப்போ நாம எழுதுற வடிவத்துக்கு வந்தது. வீரமாமுனிவர் சுழிக்கு அடுத்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கிடைச்ச அடுத்த சலுகை.

கத்துக்கொடுக்கிற முறை மாற இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. மரியா மாண்டிசோரி 1939ல் சென்னைக்கு வந்து அடையாறுல தங்கி வகுப்பு எடுத்தாங்க. அவங்களும் கத்தோலிக்கர்தான். ஆனா அந்தப் பலன் நகரத்துப் பள்ளிகளோட நின்னுடுச்சு. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கின செயல்வழிக் கற்றல்தான் அட்டை, படம், தரையில வட்டமா உட்கார்றதுன்னு கிராமம் வரைக்கும் போச்சு. கொரோனா ரெண்டு வருஷத்தைத் தின்ன பிறகு, 2022 ஜூன்ல ‘எண்ணும் எழுத்தும்’. ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. எந்த வகுப்புங்கிறது முக்கியமில்லை, பிள்ளை எங்கே நிக்குதோ அங்கேருந்து பாடம்.

ஒரு தட்டு பொங்கல்

2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். காலை உணவுத் திட்டத்தைக் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்குறாங்க. 3,995 பள்ளிகள், 2,23,536 பிள்ளைகள். முதலமைச்சர் அதைத் தொடங்கி வெச்ச இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி, புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. கத்தோலிக்கப் பள்ளி. அதுக்கு முன்னாடி என்ன நிலைமைன்னா, ஒரே தெருவுல ரெண்டு வீடு. அரசுப் பள்ளிக்குப் போற பிள்ளைக்குக் காலையில உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கும். எதிர்வீட்டு ஆர்.சி. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்காது. ரெண்டு பேர் அப்பா அம்மாவும் ஒரே வயலுக்குத்தான் கூலிக்குப் போறாங்க.

படிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுறது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. உத்திரமேரூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்துல திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற இடம். அங்கே பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. 15 படுக்கை வெச்ச ஒரு ஆதுலர்சாலை, கூடவே ஒரு கல்விச்சாலை. மாணவர்களுக்குச் சாப்பாடு, ராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக் கூட எண்ணெய் ஒதுக்கியிருக்காங்க. எவ்வளவு அக்கறை! வேதமும் வியாகரணமும் படிச்சவங்களுக்கான அக்கறை அது. அதே தட்டு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை வரைக்கும் வர்றதுக்குச் சுமார் 900 வருஷம் ஆகியிருக்கு.

இன்னைக்கு இந்த மாதிரிக் கிராமத்துத் தமிழ்வழி ஆர்.சி. பள்ளிகளுக்குச் சிக்கல் வேற பக்கத்துலேருந்து வருது. கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பம் பிள்ளையை வேன்ல ஏத்தி டவுன் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புது. அந்த மெட்ரிக் பள்ளியை நடத்துறதும் பல இடங்களில் ஏதாவது ஒரு கத்தோலிக்க சபைதான். ஒரே திருச்சபை, ஒரு வாசல்ல ஃபீஸ், இன்னொரு வாசல்ல இலவசம். எந்த வாசல்ல அதிகக் கவனம் இருக்குன்னு அவங்களே தங்களைக் கேட்டுக்கணும். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை, நானும் அப்படி ஒரு வேன்ல போனவன்தான்.

அந்த ஓட்டுக்கூரைப் பள்ளியில இன்டர்வெல் மணி அடிச்சது. நிஜ மணி, தண்டவாளத் துண்டு ஒண்ணைக் கட்டித் தொங்கவிட்டு, அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கம்பியால அடிக்கிறான். ஒண்ணாம் வகுப்புப் பாப்பா ஒண்ணு சிலேட்டைத் தூக்கிக்கிட்டு வேலி ஓரமா வந்து நின்னுச்சு. என்ன பாப்பா எழுதியிருக்கேன்னு கேட்டேன். திருப்பிக் காட்டுச்சு. பெருசா ஒரு ஓ, சுழி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ‘டீச்சர் இன்னும் பாக்கலை’ன்னு சொல்லிட்டு, எச்சில் தொட்டு அழிச்சு, அங்கேயே உட்கார்ந்து மறுபடி போட ஆரம்பிச்சிடுச்சு.